மணிக்கூண்டு சந்து மெஸ்: மதியச் சாப்பாடு ஏன் நின்றது?

காலிங்கராயன்கரை | புதன், இரவு 9.12

ஈரோடு மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற அந்த மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். வாசலில் சாக்பீஸால் எழுதிய பலகை: காலை டிபன், இரவு டிபன், அவ்வளவுதான். மெஸ் பெயரை நான் போடவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தேவையில்லை.

ஒரு காலத்தில் மதியம் ஒரு மணிக்குப் போனால் அங்கே உட்கார இடம் கிடைக்காது. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி இருந்த கடையில் இப்போது பதினொன்றரைக்கே ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது.

ஊருக்குள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்தார், பையனுக்குக் கைப்பக்குவம் இல்லை என்று. எனக்கு இது ஒத்துவரவில்லை. பெரியவர் எந்தக் காலத்தில் கரண்டி பிடித்தார்? அவர் கல்லாவில் இருந்தார், மாஸ்டர் சமைத்தார். பையன் பொறுப்புக்கு வந்தும் வருஷக் கணக்காகிறது. கெடுப்பதாக இருந்தால் எப்போதோ கெடுத்திருப்பார்.

ஓட்டல் தொழில் தெரிந்தவர்கள், மார்க்கெட் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்க. என்னதான் நடந்தது?

பவானிக்கரை | புதன், இரவு 9.40

ஒத்துவரவில்லை என்றால் உங்கள் நாக்கைக் கேளுங்க அண்ணா. சாம்பாரில் சின்ன வெங்காயம் போய்ப் பெரிய வெங்காயம் வந்தது. ரசம் வெறும் புளித்தண்ணி. பள்ளிபாளையம் சிக்கன் என்று கேட்டால் குடைமிளகாய் போட்டுச் செக்கச்செவேல் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய், இவ்வளவுதான் சேர்மானம். பொடி எதுவும் கிடையாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைக்கூடக் கெடுத்தால் மதியச் சாப்பாடு நிற்காமல் என்ன செய்யும்?

கல்லாப்பெட்டி | புதன், இரவு 10.25

கோபியில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் மாமனாருடைய மெஸ்ஸில் கல்லா பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு என்பது வருகிற ஆளைப் பார்த்துச் சமைப்பது இல்லை. வருவார்கள் என்று நம்பிச் சமைப்பது. காலை ஏழு மணிக்கே நூறு பேருக்கு உலை வைக்கிறீர்கள். சோறு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர், கறிக்குழம்பு எல்லாம் பன்னிரண்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். அறுபது பேர் வந்தால் மீதி நாற்பது பேர் சோற்றை என்ன செய்வது? இரவுக்கு வைத்தால் பெயர் கெடும், கொட்டினால் காசு போகும். நாளைக்கு அறுபதுக்கே வைக்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து எண்பது பேர் வந்து நிற்பார்கள். இல்லை என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை அந்த ஆள் எட்டிப் பார்க்கமாட்டார்.

டிபனில் இந்தத் தொல்லை இல்லை. மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும், ஆள் வந்தால் தோசை ஊற்றலாம். பரோட்டா மாவும் அப்படித்தான். சட்னியும் குருமாவும்தான் மிஞ்சும், அதைச் சமாளித்துவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அளவில்லாத சாப்பாட்டில் லாபம் வருவது கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரிடம். மூட்டை தூக்குகிறவர் மூன்று தடவை சோறு வாங்குவார். பக்கத்து இலையில் இருக்கிற கடைக் கணக்கர் ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே விலைதான் தருகிறார்கள். கணக்கர் தருகிற காசில் மூட்டைக்காரர் வயிறு நிறையும், எந்த மெஸ்ஸிலும் இதுதான் வரவு செலவு. கணக்கர்கள் வருவதை நிறுத்தினால் கூட்டம் இருக்கிற மாதிரி தெரியும், கல்லாவில் ஒன்றும் இருக்காது. அந்த மெஸ்ஸில் இது நடந்ததா என்று மார்க்கெட்டுக்குள் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பவானிக்கரைக்கு ஒரு வார்த்தை. தேங்காய்ப் பல் சின்னதாகிவிட்டது என்றீர்களென்றால் ஒத்துக்கொள்வேன். 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. பொள்ளாச்சித் தோட்டத்துக்காரர்களுக்கு நல்ல காலம், எங்களுக்குச் சட்னியில் பொட்டுக்கடலை.

பவானிக்கரை | புதன், இரவு 10.41

பொட்டுக்கடலையை மன்னிக்கிறேன். குடைமிளகாயை மன்னிக்கமாட்டேன்.

கனிமார்க்கெட்_கடை | வியாழன், காலை 7.05

கணக்கர் கணக்கு ரொம்பச் சரி. எங்களுடையது மார்க்கெட்டில் மொத்த வியாபாரம், நைட்டி, லுங்கி, துண்டு. அந்த மெஸ்ஸுக்குச் சோறு போட்டதே நாங்கள்தான் என்று சொல்லலாம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் திங்கள் சாயங்காலமே வந்து இறங்குவார்கள். சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கச் சரக்குப் பார்ப்பார்கள், விடிந்ததும் டிபன், மதியம் சாப்பாடு, அப்புறம் லாரி ஆபீஸில் பார்சல் போட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். ஒரு வியாபாரி வந்தால் மெஸ்ஸுக்கு மூன்று வேளை உறுதி. பாலக்காட்டுக்காரர்களுக்காகவே பெரியவர் ஒரு பானையில் மட்டை அரிசி வைத்த காலம் உண்டு.

இப்போது அந்த வியாபாரிகளில் பாதிப் பேர் வருவதில்லை. வியாபாரம் நின்றுவிடவில்லை. நாங்கள் புது டிசைனை வாட்ஸப்பில் அனுப்புகிறோம், அவர்கள் டிக் போட்டு அனுப்புகிறார்கள், பணம் வங்கிக்கு வருகிறது, சரக்கு லாரியில் போகிறது. எங்களுக்கு வசதி. அந்த மூன்று வேளைச் சாப்பாடுதான் காணாமல் போனது.

அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். அந்த வேலை நடந்த காலத்தில் கடைகளை இடம் மாற்றிப் போட்டார்கள். ஆட்கள் நடக்கிற வழி மாறிப்போனது. வழி மாறினால் போதும், சந்துக்குள் இருக்கிற கடை கண்ணில் படாது.

தேர்தல் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்க. நடத்தை விதி வந்துவிட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் கணக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிமாநில வியாபாரி இந்த வம்பே வேண்டாம் என்று வரமாட்டார். பொதுத்தேர்தல் எல்லா ஊருக்கும் பொது. ஈரோடு கிழக்குக்கு மட்டும் 2023-ல் ஒரு இடைத்தேர்தல், 2025-ல் இன்னொன்று. இரண்டும் பிப்ரவரியில். எங்களுக்கு இரண்டு தடவையும் சந்தை படுத்தது.

சூரம்பட்டி_வாலு | வியாழன், காலை 8.30

சந்தை படுத்ததா? 2023-ல் ஊரில் இருந்த கூட்டத்தை மறந்துவிட்டீங்களா? அமைச்சர்கள், முன்னாள்கள், அவர்களுக்குப் பின்னால் கார் கார்களாகக் கரைவேட்டிகள். கல்யாண மண்டபம் ஒன்றுகூடக் காலி இல்லை. பிரியாணி அண்டா அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. ஓட்டல்காரர்களுக்கு அது பொற்காலம்.

கனிமார்க்கெட்_கடை | வியாழன், காலை 8.52

பெரிய ஓட்டல்களுக்குப் பொற்காலம். இந்த மெஸ்ஸில் ஒரு வட்டச் செயலாளர், எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், பூத் ஆட்களுக்கு இரண்டு வாரம் பார்சல் வாங்கினார். முதல் வாரத்துக்குக் காசு வந்தது. இரண்டாவது வாரக் கணக்கு இன்னும் நோட்டில் இருக்கிறது. 2025-ல் அதிமுகவே போட்டியில் இல்லை, கூட்டமும் இல்லை. பாக்கியைக் கேட்கலாம், அந்த ஆளாவது வருவாரா என்று பையன் எதிர்பார்த்தார்.

வரவுசெலவு | வியாழன், காலை 10.15

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வரி விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான் தொடுகிறேன்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி ஓட்டலுக்கு 18. நாலு மாதம் ஊரே கத்தியது. நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் ஆக்கினார்கள். சாப்பிடுகிறவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சேர்த்துச் சொன்னார்கள். அதாவது ஓட்டல்காரர் கேஸுக்கும், ஃப்ரிட்ஜுக்கும், மிக்ஸிக்கும் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீத வரி, அது முழுக்க அவர் தலையில்தான். 2022 மே மாதம் அந்த சிலிண்டர் 2,300 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும்.

சின்ன மெஸ்களில் பலர் ஜிஎஸ்டியின் இணக்க முறையில் (காம்போசிஷன் ஸ்கீம்) இருப்பார்கள். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் அதற்குத் தகுதி உண்டு. விற்பனையில் 5 சதவீதம் கட்ட வேண்டும், அதைப் பில்லில் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. ஒரு லட்சத்துக்கு விற்றால் ஐயாயிரம் கைக்காசு. லாபமே பத்தாயிரம் நிற்கிற தொழிலில் இது பாதி. சாப்பாட்டு விலையை ஏற்றலாமே என்பீர்கள். பத்து ரூபாய் ஏற்றினால் இங்கே எத்தனை பேர் இழை திறப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2024 செப்டம்பரில் கோவைக் கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடம் ஓட்டல்காரர் ஒருவர் சொன்னது நாடு முழுக்க ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தியூர்_அம்மிணி | வியாழன், மதியம் 1.20

நீங்க எல்லாரும் கூட்டம் இருந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறீங்க. அந்தக் கூட்டத்தில் பொம்பளைகள் யாராவது இருந்தார்களா?

தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தியூரிலிருந்து வருஷா வருஷம் வருவோம். கடை கடையாக அலைந்து முடிக்க மணி இரண்டாகிவிடும். அப்பாவும் சித்தப்பாவும் மெஸ்ஸுக்குள் போவார்கள். அம்மா, சித்தி, நான், என் தங்கச்சி எல்லாரும் பன்னீர்செல்வம் பார்க் பஸ் நிறுத்தத்தில் பைகளோடு உட்கார்ந்து அப்பா கொண்டு வருகிற பொட்டலத்தைப் பிரிப்போம். உள்ளே போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் நீள பெஞ்சில் முன்பின் தெரியாத ஆம்பளைகளுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்க, எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? கை கழுவுகிற இடம் சாக்கடைக்குப் பக்கத்தில். கழிப்பறை என்ற பேச்சே இல்லை.

இந்தப் பையன் வந்த பிறகுதான் பின்கட்டில் நாலு மேஜை போட்டு, தடுப்பு வைத்து, ஒரு கழிப்பறையும் கட்டினார். கைப்பக்குவம் இல்லாத அதே பையன். முதல் முறையாக என் அம்மா அங்கே இலையில் சாப்பிட்டார். சந்தகையும் (எங்க ஊர் இடியாப்பம்) தேங்காய்ப் பாலும் வாங்கினோம். சாம்பாரில் என்ன வெங்காயம் கிடந்தது என்று நான் பார்க்கவில்லை.

காலிங்கராயன்கரை | வியாழன், மதியம் 2.05

அக்கா, பின்கட்டு மேஜைகளை நான் பார்த்திருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை. ஆனால் ஒரு சந்தேகம். புது ஆட்கள் வந்தார்கள், குடும்பங்கள் வந்தன, அப்படியும் மதியம் ஏன் நின்றது? நீங்கள் எல்லாரும் எப்போது போவீர்கள்?

அந்தியூர்_அம்மிணி | வியாழன், மதியம் 2.30

ஞாயிறு, பண்டிகை நாட்கள், முகூர்த்தத்துக்குத் துணி எடுக்கும் நாட்கள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எந்தக் குடும்பம் வரும்? அதுதான் உங்கள் விடையாக இருக்கலாம்.

சூரம்பட்டி_வாலு | வியாழன், மாலை 6.10

யூடியூப் கதையை யாருமே சொல்லவில்லையே.

இரண்டாவது ஊரடங்கு முடிந்த பிறகு ஒரு சேனல்காரர் வந்து படம் பிடித்தார். குடல் கறி, கொள்ளு ரசம், அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய், “கொங்கு நாட்டுப் பாரம்பரியம்” என்று தலைப்பு. அடுத்த ஞாயிறு சந்து முழுக்கக் கார். கோயமுத்தூர், சேலம், பெங்களூர் வண்டிகள்கூட நின்றன. பத்து மணிக்கு டோக்கன் கொடுத்தார்கள்.

பையன் என்ன செய்வார், பாவம். ஆள் சேர்த்தார், பெரிய ஃப்ரீஸர் ஒன்றைக் கடனில் வாங்கினார், கறியை மொத்தமாக எடுத்தார். தினமும் வருகிற வாடிக்கைக்காரர்களுக்கு இடம் இல்லை. மண்டியிலிருந்து வருகிறவருக்கு அரைமணி நேரம்தான் சாப்பாட்டு நேரம், அவர் டோக்கன் வாங்கி நிற்பாரா? எதிர்ச் சந்தில் புதுசாக வந்த வெரைட்டி சாதக் கடைக்குப் போனார். பழகிவிட்டார்.

சேனல் கூட்டம் ஒரு சீசன்தான். அடுத்து பெருந்துறைப் பக்கம் யாரோ தோட்டத்து வீட்டில் விறகடுப்பில் சமைக்கிறார்கள் என்று வீடியோ வந்தது, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். புதுக் கூட்டமும் போச்சு, பழைய கூட்டமும் திரும்பவில்லை. ஃப்ரீஸர் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

என்னைக் கேட்டால் அந்த மெஸ்ஸைக் கொரோனாகூட இவ்வளவு அடிக்கவில்லை. 2020 ஜூன் 8-ல் பாதி இருக்கைகளோடு திறக்கலாம் என்று அரசு சொன்ன அன்றைக்கே திறந்தார்கள். கஷ்டப்பட்டார்கள், ஆனால் பழைய ஆட்கள் பார்சலாவது வாங்கினார்கள். வீடியோதான் அவர்களைப் பிரித்தது.

பவானிக்கரை | வியாழன், மாலை 6.35

குடைமிளகாய் வந்ததும் அந்த வீடியோவுக்குப் பிறகுதான். பெங்களூர்க்காரர்களுக்குக் காரம் தாங்கவில்லையாம். இப்போது புரிகிறது.

கல்லாப்பெட்டி | வியாழன், இரவு 10.50

மாஸ்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் படம் முழுசாகும்.

மெஸ்ஸில் மூன்று கை முக்கியம். குழம்பு, பொரியல், கறி வைக்கிற சரக்கு மாஸ்டர், கல்லில் நிற்கிற தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர். இதில் சரக்கு மாஸ்டர் கிடைப்பதுதான் கஷ்டம். விடிகாலை நாலரைக்கு அடுப்பு முன்னால் நிற்க வேண்டும், மதியப் பந்தி முடிந்து மூன்று மணிக்குப் படுத்து, ஐந்துக்கு மறுபடி எழ வேண்டும். தங்குவது கடை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே. சித்திரை மாசத்தில் ஈரோட்டில் மதியம் தகரத்துக்குக் கீழே படுத்துப் பாருங்க.

சங்கிலி ஓட்டல்கள் இப்போது எட்டு மணி நேர ஷிப்ட், தனி ரூம், பிஎஃப் எல்லாம் தருகிறார்கள். எந்த மாஸ்டர் மெஸ்ஸில் இருப்பார்? இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமையானால் கையில் சம்பளம், கரி பூசிக்கொள்ள வேண்டாம். ஒடிசா, பீகார் பையன்கள்தான் இன்றைக்குப் பாதி அடுப்படிகளை நடத்துகிறார்கள். என் கடையிலும் அப்படித்தான். ஒன்று சொல்கிறேன், நம்ப மாட்டீங்க. எங்கள் கடையில் செலவு ரசம் வைப்பது கட்டாக்கிலிருந்து வந்த பையன். என் மாமியார் சொல்லிக் கொடுத்தார். ருசி பார்த்துவிட்டு அவரே இன்னும் ஒரு டம்ளர் கேட்கிறார்.

அந்த மெஸ்ஸின் பழைய சரக்கு மாஸ்டர் மூட்டு வலியோடு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் போனபோது அளவும் போயிருக்கும். அவர் மிளகாயைக் கைப்பிடியில் அளப்பார், எடை போடமாட்டார். பையன் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்வது சுலபம். அந்தக் கையைப் பார்த்து யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

துபாய்_பெருந்துறை | வெள்ளி, காலை 9.15

இங்கிருந்து படிக்கும்போது எச்சில் ஊறுகிறது. நான் சொல்வது இதுதான்: ஜூனியர் குப்பண்ணாவும் ஈரோட்டில் மெஸ்ஸாகத் தொடங்கியதுதானே? சென்னை வரை போகவில்லையா? இவர்களும் ஒரு கிளை, அப்புறம் இன்னொன்று, அப்புறம் துபாய் என்று போயிருக்கலாம். முயற்சி பற்றாது.

கல்லாப்பெட்டி | வெள்ளி, காலை 9.58

துபாய் தம்பி, கிளை போட வேண்டுமென்றால் முதலில் கைப்பிடியை எடைக்கல்லுக்கு மாற்ற வேண்டும், மசாலாவை ஒரே இடத்தில் அரைக்க வேண்டும், அண்ணன் ஒரு கடையும் தம்பி ஒரு கடையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் அதற்கு அப்புறம். இவர்கள் வீட்டில் கடையைப் பார்க்க ஒரே ஆள். நூறில் ஒரு மெஸ் அப்படிப் போகும். மீதியெல்லாம் இருக்கிற இடத்திலேயே அடுத்த தலைமுறைக்கு நின்றால் பெரிய விஷயம்.

சம்பத்நகர்_வாசி | வெள்ளி, காலை 11.20

நீங்க எல்லாரும் சுற்றி வளைக்கிறீங்க. உண்மையான காரணம் பாகப்பிரிவினை. கட்டடம் பெரியவர் பெயரில் மட்டும் இல்லை. பங்காளி வீட்டார் தங்கள் பாகத்துக்கு வாடகை கேட்டார்கள், இந்த வருஷம் அதையும் இரட்டிப்பாக்கினார்கள். அந்த வீட்டு மருமகள்தான்

[மீதிப் பகுதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துனர் | வெள்ளி, காலை 11.45

கடையைப் பற்றிப் பேசலாம், வாடகை வரைக்கும் பேசலாம். வீட்டுக்குள் போக வேண்டாம். சம்பத்நகர்_வாசி, இது இரண்டாவது எச்சரிக்கைங்க.

வரவுசெலவு | வெள்ளி, மதியம் 12.10

வாடகைப் பேச்சு மட்டும் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர் தனக்குத் தானே வாடகை எழுதிக்கொள்வதில்லை. முப்பது வருஷம் லாபம் என்று நினைத்தது பாதிக்கு மேல் அந்தக் கட்டாத வாடகைதான். வாடகை கொடுக்க வேண்டிய நாள் வரும்போதுதான், இவ்வளவு நாளும் சோற்றை அடக்க விலைக்கே விற்றிருக்கிறோம் என்று தெரியும். நகரத்தில் பழைய மெஸ்கள் மூடுகிற இடத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எண்ணெய்க்கறை | வெள்ளி, மாலை 5.30

ஒருத்தராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்த மெஸ் மதியச் சாப்பாடு எந்தக் காலத்திலும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. விலை குறைவு, பக்கத்தில் இருந்தது, சோறு கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டார்கள். இந்த மூன்றுக்காகத்தான் கூட்டம். காலை இட்லியும் இரவுக் குடல் கறியும் நிஜமாகவே நல்ல சரக்கு. நல்லதை வைத்துக்கொண்டு சுமாரானதை நிறுத்தியிருக்கிறார். இதற்கு ஏன் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறீங்க?

பவானிக்கரை | வெள்ளி, மாலை 5.44

ரசம் பிரமாதம்தான். அது ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எண்ணெய்க்கறை | வெள்ளி, மாலை 5.50

முந்தாநாள் ராத்திரி நீங்களே அதைப் புளித்தண்ணி என்றீங்க.

பவானிக்கரை | வெள்ளி, மாலை 5.53

இப்போதைய ரசத்தைச் சொன்னேன். பழைய ரசம் வேறு.

காலிங்கராயன்கரை | சனி, இரவு 9.35

இன்று மாலை டிபனுக்குப் போயிருந்தேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பையனிடமே கேட்டேன். “பையன்” என்கிறோம், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. இங்கே எழுதலாமா என்று கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதுங்க என்றார்.

மதியச் சாப்பாடு நிற்கவில்லையாம். உட்கார வைத்துப் போடுவதைத்தான் நிறுத்தியிருக்கிறார். மார்க்கெட்டிலும் சுற்றியுள்ள கடைகளிலும் வேலை செய்கிற பையன்கள், பெண்களுக்கு மாதக் கணக்கில் அடுக்குச் சாப்பாடு, அதாவது டிபன் கேரியரில் சாப்பாடு, கொடுக்கிறார். முதலாளிகள் மாதம் பிறந்தவுடன் பணம் கட்டிவிடுகிறார்கள். எத்தனை பேர் என்று முந்தின நாள் இரவே தெரிந்துவிடும், அதனால் ஒரு படி அரிசி அதிகம் போவதில்லை. கல்லாப்பெட்டி அண்ணா சொன்ன நூறுக்கும் அறுபதுக்குமான தொல்லையை இப்படித் தீர்த்திருக்கிறார். எவர்சில்வர் அடுக்குதான், திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். 2019-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோது இலைக்கும் டப்பாவுக்கும் ஆன செலவைப் பார்த்துவிட்டு அப்போதே இந்த அடுக்குகளை வாங்கிப் போட்டாராம்.

மதியம் பரிமாற ஆள் வேண்டாம், மேஜை துடைக்க ஆள் வேண்டாம். அந்த ஆட்களுக்கு மதியம் ஓய்வு. சாயங்காலம் தெம்பாக நிற்கிறார்கள். பின்கட்டு மேஜைகளை எடுக்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் இலை போடுவார். அந்தியூர் அக்கா கவனிக்கவும்.

வீடியோவைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, ஃப்ரீஸர் கடன் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். ஆப் டெலிவரி ஏன் போடவில்லை என்றதற்கு, போட்டுப் பார்த்ததாகவும், நூற்றுக்கு இருபதுக்கு மேல் கமிஷனாகப் போய்விட்டு மிஞ்சியதில் கறி வாங்க முடியவில்லை என்றும் சொன்னார். விலையை ஆப்பில் மட்டும் ஏற்றிப் போட்டால் கடை விலை தெரிந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம்.

சின்ன வெங்காயமும் கேட்டேன் பவானிக்கரை. விலை இறங்கினால் சின்னது, ஏறினால் பெரியது, இதில் ஒளிவு மறைவு இல்லை என்றார். குடைமிளகாயைக் கேட்கவில்லை. நான் அங்கே இன்னும் பல நாள் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இன்றைக்கும் வாரத்திலேயே பெரிய வியாபாரம் திங்கள் இரவுதானாம். வியாபாரிகள் குறைந்தாலும் வருகிறவர்கள் இவரிடம்தான் வருகிறார்கள். திங்களன்று மட்டும் கடை ராத்திரி ஒரு மணி வரை இருக்கும். குடல் வேண்டுமென்றால் ஒன்பதுக்குள் போக வேண்டும்.

எண்ணெய்க்கறை | சனி, இரவு 9.50

சொன்னேனா இல்லையா.

கல்லாப்பெட்டி | சனி, இரவு 10.20

முன்பணம் வாங்கிச் சமைப்பது நல்ல யோசனை. ஆனால் ஒரே ஒரு ஜாக்கிரதை. வியாபாரம் படுக்கிற மாதங்களில் கடைகள் ஆள் குறைக்கும். அந்த மாதங்களில் எத்தனை அடுக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இது நிலைக்குமா என்று சொல்ல முடியும். தீபாவளி மாசத்துக் கணக்கை வைத்துப் பாத்திரம் வாங்கிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்க.

கனிமார்க்கெட்_கடை | ஞாயிறு, காலை 6.48

பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கே இது தெரியாது. எங்கள் கடையில் ஒன்பது பேர். இப்போது ஆளுக்கு ஒரு பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகிறது. மாதக் கணக்கு எவ்வளவு என்று கேட்டீங்களா? அசைவம் உண்டா?

காலிங்கராயன்கரை | ஞாயிறு, காலை 8.15

விலை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றார், நேரில் பேசிக்கொள்ளுங்க. வாரத்தில் இரண்டு நாள் முட்டை. கறி கிடையாது. செவ்வாய் மட்டும் சந்தை நாள் என்பதால் அடுக்கு பன்னிரண்டரைக்கே வந்துவிடும், முன்கூட்டியே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.